ஏலக்காய் மேல கோடு போட்ட வெளிச்சம்

2017-ல வந்த ஐஃபோன் எக்ஸ் ஞாபகம் இருக்கா? கண்ணுக்குத் தெரியாத 30,000-க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்து மேல வீசி, மூக்கு எங்கே, கன்னம் எங்கேன்னு அளக்கும். அதே வித்தையை இன்னைக்கு போடிநாயக்கனூர் ஏலக்காய் மேல போட்டுப் பார்ப்போம்.

போடியில ஏலக்காய்னதும் வர்ற கேள்வி, "எத்தனை எம்எம்?" மலையில பறிச்சு, டிரையர்ல காய வச்சு, வட்ட ஓட்டை போட்ட சல்லடையில சலிப்பாங்க. எட்டு எம்எம் ஓட்டையில விழாம நின்னா ஒரு விலை, விழுந்தா வேற விலை. மூட்டைக் கணக்குல அது தோட்டக்காரருக்குப் பெரிய காசு.

ஆனா சல்லடைக்கு நுழையுமா நுழையாதாங்கிறது மட்டும்தான் தெரியும். உள்ளே விதை நிறைஞ்சிருக்கா, வெறும் காத்தான்னு தெரியாது. அதுக்குத்தான் லிட்டர் எடை. ஒரு லிட்டர் அளவுல காயைக் கொட்டி எடை பார்ப்பாங்க. ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு ரகம்னா குறைஞ்சது 435 கிராம் நிக்கணும். ஆனா இதுவும் சராசரிதான். ஒவ்வொரு காயையும் தனித்தனியா அளக்க முடியுமா?

முடியும். புரொஜெக்டர்ல கறுப்பு வெள்ளைக் கோடுகளைக் காய் மேல அடிக்கணும். பக்கத்துல கொஞ்சம் சாய்வா ஒரு கேமரா. தட்டையான மேசையில கோடு நேரா இருக்கும், காய் மேல ஏறும்போது வளையும். எவ்வளவு விலகுதோ, அதை வச்சு உயரத்தைக் கண்டுபிடிக்கலாம். பத்தாங்கிளாஸ் முக்கோணக் கணக்குதான்.

எந்தக் கோடு எதுன்னு கேமராவுக்கு எப்படித் தெரியும்? கோடுகளை மாத்தி மாத்திப் பத்து படம் எடுத்தா, 1,024 பட்டைகளுக்கும் தனித்தனி கறுப்பு-வெள்ளை வரிசை கிடைக்கும். பட்டைக்கு ஒரு டோர் நம்பர் மாதிரி.

சித்தி வீட்டு மாடியில ஒரு பழைய புரொஜெக்டரும் வெப்கேமும் வச்சு நானே செஞ்சு பார்த்தேன். பகல்ல ஒண்ணும் தெரியல, வெயில் கோட்டையே முழுங்கிடுச்சு. ராத்திரி வேலை செஞ்சது. ஆனா கேமரா மேல்பக்கத்தை மட்டும்தான் பார்க்கும். ஒவ்வொரு காயையும் புரட்டிப் போட்டு ரெண்டாவது தடவை எடுத்தேன். கன அளவு வந்ததும் நகைத் தராசுல எடை போட்டு வகுத்தேன். இருபது காய்க்கு மூணு மணி நேரம்!

சித்தி முப்பது வருஷமா ஏலக்காய் தரம் பிரிக்கிறவங்க. அதே இருபதைக் கையில அள்ளி, "இது மூணும் பொக்குடா"ன்னு எடுத்து வச்சாங்க. என் பட்டியல்லயும் அடர்த்தி குறைஞ்சது அந்த மூணுதான்.

பெல்ட்ல ஓடுற காய்க்குப் பத்து படம் எடுக்க நேரம் இல்ல. அங்கே ஒரே ஒரு லேசர் கோடு போதும், காய் அதைக் கடக்கும்போது கீத்து கீத்தா அளந்துடலாம். அப்படி ஒரு மெஷின் எங்கே நிக்கணும்னுதான் எனக்கு யோசனை. வாங்குற இடத்துல மட்டும் நின்னா, கழிக்கிறதுக்கு இன்னொரு காரணமாத்தான் ஆகும். மலையில டிரையர் பக்கத்துலயே நின்னா, ரெண்டு ஏக்கர்காரர் தன் காய் என்ன தரம்னு தெரிஞ்சுக்கிட்டு ஏலத்துக்கு இறங்கலாம்.

"அப்போ எனக்கு வேலை இருக்குமாடா?"ன்னு சித்தி கேட்டாங்க. அதுக்கு என்கிட்ட கோடு எதுவும் இல்ல. உங்ககிட்ட பதில் இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேர்ந்து கேட்போம்.