நம்ம பத்து சதவீதத்தை நாமதான் போய் வாங்கணும்

(முத்தியால்பேட்டையில் ஆகஸ்ட் 2025-ல் சுயதொழில் செய்யும் இளைஞர்களுக்காக நமது தகவல் தொழில்நுட்ப அணி நடத்திய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே பதிவிடுகிறோம்.)

மூத்த தோழர்கள் முன்வரிசையில உட்கார்ந்திருக்கீங்க, நன்றி. ஆனா இன்னைக்கு பேச்சு பின்வரிசைக்கு. வெப்சைட் போடுற தம்பி, கல்யாண வீடியோ எடிட் பண்ற அண்ணன், ஆன்லைன்ல டியூஷன் எடுக்கிற அக்கா, பிரெஞ்சு மொழிபெயர்ப்பு செய்ற தங்கச்சி, வீட்டுல தைச்சு இன்ஸ்டாகிராம்ல விக்கிறவங்க. "என்ன வேலை பாக்குற?"ன்னு சொந்தக்காரங்க கேட்டா பதில் சொல்ல முடியாம முழிக்கிற நாம எல்லாரும்.

முதல்ல பணம்.

சென்னையில ஒரு கம்பெனிக்கு நீங்க சாஃப்ட்வேர் வேலை செஞ்சு கொடுக்கிறீங்கன்னு வச்சுக்கோங்க. மாசம் 30,000 ரூபாய் பேச்சு. ஆனா அக்கவுண்ட்ல வர்றது 27,000. கேட்டா "டிடிஎஸ் பிடிச்சோம்"னு ஒரு வரியில பதில் வரும். நாம என்ன நினைக்கிறோம்? "சரி, வரி கட்டியாச்சு, நம்ம கடமை முடிஞ்சது."

அது வரி இல்ல தோழர்களே, முன்பணம். தொழில்முறைக் கட்டணத்துக்கு 10 சதவீதம் பிடிக்கணும்னு வருமான வரிச் சட்டத்தோட 194ஜே பிரிவு சொல்லுது. போன மார்ச் வரைக்கும் ஒரு கம்பெனி ஒரு வருஷத்துல உங்களுக்கு 30,000 ரூபாய்க்கு மேல கொடுத்தா பிடிக்கணும். இந்த ஏப்ரல்ல இருந்து அந்த வரம்பு 50,000. சில வேலைக்கு 2 சதவீதம், ஒப்பந்தக் கணக்குல போட்டா தனிநபருக்கு 1 சதவீதம். பான் நம்பர் கொடுக்கலைன்னா 20 சதவீதம் போயிடும்.

இப்போ கணக்கைப் பாருங்க. வருஷத்துக்கு 3,60,000. அதுல பிடிச்சது 36,000. நீங்க உண்மையில கட்ட வேண்டிய வரி எவ்வளவு? 44ஏடிஏன்னு ஒரு பிரிவு இருக்கு. வக்கீல், டாக்டர், இன்ஜினியர், கணக்காளர், தகவல் தொழில்நுட்பம்னு சில குறிப்பிட்ட தொழில்கள்ல இருக்கிறவங்க வரவுல பாதியை லாபம்னு காட்டினா போதும். பில், லெட்ஜர்னு அலைய வேண்டாம். வருஷ வரவு 50 லட்சம் வரைக்கும் இது செல்லும். ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள்ள இருந்தா 75 லட்சம் வரைக்கும். அப்போ உங்க லாபம் 1,80,000. புதிய முறையில 2024-25 வருமானத்துக்கு முதல் 3 லட்சம் வரை வரியே கிடையாது. கட்ட வேண்டியது பூஜ்யம். அந்த 36,000 முழுசா உங்க பணம்.

ஆனா அது தானா திரும்பி வராது. நீங்க ரிட்டர்ன் போட்டாத்தான் வரும். எனக்குத் தெரிஞ்சு இந்தத் தெருவுலயே "நான் வரி கட்டுற அளவுக்கு சம்பாதிக்கலையே, எதுக்கு ரிட்டர்ன்?"னு கேக்கிறவங்க நிறைய பேர். வரி கட்டுற அளவுக்கு சம்பாதிக்காதவங்கதான் ரிட்டர்ன் போடணும், ஏன்னா திரும்ப வர வேண்டிய பணம் அவங்களோடதுதான். அதுமட்டுமில்ல, வருஷத்துக்கு 25,000 ரூபாய்க்கு மேல டிடிஎஸ் பிடிச்சிருந்தாலோ, தொழில் வரவு 10 லட்சம் தாண்டினாலோ ரிட்டர்ன் கட்டாயம்.

இந்த வருஷம் கடைசித் தேதி ஜூலை 31-ல இருந்து செப்டம்பர் 15-க்கு தள்ளி வச்சிருக்காங்க. அதையும் விட்டா டிசம்பர் 31. அதுக்கப்புறம் அப்டேட்டட் ரிட்டர்ன்னு ஒண்ணு போடலாம், ஆனா அதுல கூடுதல் வரி கட்டத்தான் முடியும், ரீஃபண்ட் கேட்க முடியாது. தனியா மனு எழுதி, தாமதத்துக்கு காரணம் சொல்லி, அனுமதி வாங்கணும். 36,000 ரூபாய் நம்ம வீட்டுல எத்தனை மாச மளிகைன்னு யோசிங்க.

எல்லாருக்கும் 44ஏடிஏ பொருந்தாது. தையல், கேக், சின்ன வியாபாரம்னா 44ஏடி. அங்க வங்கி வழியா வந்த பணத்துல 6 சதவீதம், ரொக்கத்துல 8 சதவீதம் லாபமா காட்டலாம். உங்க வேலை எதுல வருதுன்னு சந்தேகமா இருந்தா ஒரு ஆடிட்டரைப் பாருங்க. ஒரு தடவை கொடுக்கிற ஃபீஸ் வீண் போகாது. வாட்ஸ்அப் ஃபார்வர்டை நம்பி ஃபார்ம் நிரப்பாதீங்க, அது நம்ம அணி அனுப்பினதா இருந்தாலும் சரி.

இன்னொரு வேலை: மூணு மாசத்துக்கு ஒரு தடவை வருமான வரி தளத்துல உங்க 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பாருங்க. கம்பெனி உங்ககிட்ட பிடிச்ச பணத்தை உங்க பான் பேர்ல கட்டியிருந்தாத்தான் அதுல தெரியும். தெரியலைன்னா அப்பவே கேளுங்க. வருஷக் கடைசியில கேட்டா அந்த எச்.ஆர். வேற கம்பெனிக்கு போயிருப்பாரு.

ஜிஎஸ்டி பத்தி நம்ம ஊருக்குன்னே ஒரு விஷயம் இருக்கு. முத்தியால்பேட்டையைத் தாண்டினா கோட்டக்குப்பம். நமக்கு அது அடுத்த தெரு மாதிரி. சட்டத்துக்கு அது தமிழ்நாடு, வேற மாநிலம். சேவை செய்றவங்களுக்கு ரெண்டு பக்கமும் வரம்பு 20 லட்சம்தான். அதுக்குள்ள இருந்தா வெளிமாநிலத்துக்கு வேலை செஞ்சாலும் பதிவு வேண்டாம், 2017 அக்டோபர்லயே விலக்கு கொடுத்துட்டாங்க. ஆனா பொருள் விக்கிறவங்க கதை வேற. 2019 ஏப்ரல்ல இருந்து தமிழ்நாட்டுல பொருளுக்கு வரம்பு 40 லட்சம். புதுச்சேரியில இன்னும் 20 லட்சம். ஒரே துணி, ஒரே மெஷின், ஒரே வாடிக்கையாளர். கோட்டக்குப்பத்துல தைச்சு விக்கிற அக்காவுக்கு ஒரு சட்டம், நம்ம அக்காவுக்கு ஒரு சட்டம். அதுவும் போக, பொருளை மாநிலம் தாண்டி வித்தா, சில கைவினைப் பொருட்கள் தவிர, எவ்வளவு சின்ன வியாபாரமா இருந்தாலும் பதிவு கட்டாயம். இங்க "மாநிலம் தாண்டி"ன்னா சைக்கிள்ல போற தூரம். இந்த 20 லட்சத்தை 40 ஆக்கணும்னு நாம கேக்கணும். யார் ஆட்சியில எடுத்த முடிவுன்னு சண்டை போட எனக்கு இன்னைக்கு நேரமில்ல.

அடுத்தது, வராத பணம். வேலை முடிச்சு நாலு மாசம் ஆகியும் "அடுத்த வாரம் போட்டுடறோம்"னு சொல்ற கிளையண்ட் யாருக்குத்தான் இல்ல? உத்யம்னு ஒரு பதிவு இருக்கு. முழுக்க இலவசம், ஆதாரும் பானும் போதும், வீட்டுல தனியா உட்கார்ந்து வேலை செய்றவங்களும் செய்யலாம். அரசு தளத்துல மட்டும் போடுங்க, அதே மாதிரி பேர் வச்சு காசு கேக்கிற தளங்கள் நிறைய இருக்கு. பதிவு செஞ்சுட்டா 2006-ம் வருஷ சட்டப்படி உங்களுக்கு 45 நாளுக்குள்ள பணம் கொடுக்கணும். எழுத்துல ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாள். தாமதமானா வங்கி விகிதத்தைப் போல மூணு மடங்கு கூட்டு வட்டி. அதுக்குன்னு இருக்கிற அரசு தளத்துல புகார் போடலாம். நிஜத்துல புகார் வரைக்கும் போக வேண்டியதில்ல. இன்வாய்ஸ்ல உத்யம் நம்பரைப் போட்டாலே சில அக்கவுண்டன்ட்டுங்க பேச்சு மாறும். ஏன்னா உரிய நேரத்துல கொடுக்கலைன்னா, பணத்தைக் கொடுக்கிற வரைக்கும் அந்தச் செலவை அவங்க தங்களோட வருமானத்துல கழிக்க முடியாது.

நேரம். இதைப் பேச இந்த ஊரை விட பொருத்தமான ஊர் இல்ல. 1936 ஜூலை 30 அன்னைக்கு சவானா மில்லுல போராடின தொழிலாளர்கள் மேல துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் செத்தாங்க. தோழர் வ. சுப்பையா முன்னால நின்ன போராட்டம். அடுத்த வருஷம் இங்க எட்டு மணி நேர வேலை சட்டமாச்சு. போன மாசம்தான் அந்த நாள் வந்து போச்சு. அன்னைக்கு ராத்திரி 2 மணிக்கு நம்ம பசங்க லேப்டாப் முன்னாடி உட்கார்ந்து அமெரிக்க கிளையண்டுக்கு "எஸ் சார்" சொல்லிக்கிட்டிருந்தாங்க. நமக்கு சைரன் ஊத மில் கிடையாது, நாமதான் ஊதணும்.

எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் காசு வர்ற வேலை அஞ்சு மணி நேரம்னு வைங்க. மீதி கொட்டேஷன், ஃபோன், திருத்தம், கரண்ட் கட். மாசம் 22 நாள்னா 110 மணி நேரம். 30,000 ரூபாய் வேணும்னா மணிக்கு சுமார் 273. அப்போ 12 மணி நேரம் பிடிக்கிற வேலையை 1,500-க்கு ஒத்துக்கிட்டா மணிக்கு 125-தான். ஒரு நோட்டுல ரெண்டு வாரம் எழுதிப் பாருங்க, எந்த கிளையண்ட் உங்களைத் தின்னுறான்னு தெரியும். நேர மண்டலத்தையும் பார்த்து கிளையண்ட் பிடிங்க. நியூயார்க் நமக்கு ஒன்பதரை, பத்தரை மணி நேரம் பின்னாடி. பாரீஸ் மூணரை, நாலரை மணி நேரம்தான். அவங்க காலையில ஆபீஸ் வரும்போது நமக்கு மதியம். பிரெஞ்சு தெரிஞ்ச ஊர்ல பிறந்துட்டு ராத்திரி முழிக்கிறது எனக்கு சரியாப் படல.

பயிற்சிக்கு அதிகம் பேச மாட்டேன். "30 நாள்ல லட்சம்" கோர்ஸுக்கு காசு கட்டாதீங்க. ஐஐடி பேராசிரியர்கள் எடுக்கிற என்பிடெல் பாடம் இலவசம், சான்றிதழ் வேணும்னா மட்டும் தேர்வுக் கட்டணம். பிரெஞ்சு கத்துக்க அலியான்ஸ் பிரான்சேஸ் நம்ம ஊர்லயே இருக்கு.

செப்டம்பர் 15 வரைக்கும் ஞாயிறு காலை 10 மணியில இருந்து நம்ம கிளை அலுவலகத்துல அணி உட்காரும். பான், ஆதார், வங்கிக் கணக்கு விவரம், ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரைக்குமான ஸ்டேட்மெண்ட் எடுத்துக்கிட்டு வாங்க. எந்தக் கட்சிக்காரரா இருந்தாலும் வரலாம், உறுப்பினர் அட்டை கேட்க மாட்டோம். பாஸ்வேர்டும் ஓடிபியும் நீங்களே டைப் பண்ணுங்க, எங்ககிட்ட கூட சொல்லாதீங்க. லேப்டாப் இருக்கிறவங்க கொண்டு வந்தா வரிசை சீக்கிரம் நகரும்.

#முத்தியால்பேட்டை #சுயதொழில் #செப்டம்பர்15