கடற்கரைக் கருமணலும் விண்மீன்களும்

(திருவனந்தபுரம் சாலைப் பகுதியில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



வானநூலிலும், உலோகம் முதலான பொருள்களைப் பற்றிய விஞ்ஞானத்திலும் அண்மையில் ஏற்பட்டுள்ள முன்னேற்றங்களைக் குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். நான் பொருளாதாரம் பயின்றவன். தொலைநோக்கியும் உலைக்களமும் என் தொழிற்கருவிகள் அல்ல. எனினும் வேறு துறையினன் ஒருவன் ஆர்வத்தினால் கற்றதைச் சொல்வதில் ஒரு வசதி உண்டு. வழியில் எந்தக் கல் காலில் இடறும் என்பது அவனுக்கு நன்றாக நினைவிருக்கும்.

இவ்விரு விஞ்ஞானங்களும் தனித்தனியானவை என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். வானநூல் தொலைவில் உள்ளதைப் பற்றியது, மற்றது கையில் உள்ளதைப் பற்றியது என்று கருதுகிறோம். இவ்விரண்டும் ஒன்றையொன்று தொடும் இடம் ஒன்று நம் ஊருக்கு அருகிலேயே இருக்கிறது. வடக்கே கொல்லத்தை அடுத்த சவறா, தெற்கே குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி ஆகிய ஊர்களின் கடற்கரையில் கிடக்கும் கருமணலே அது. சாலைக் கடைத்தெருவில் வாணிகம் செய்யும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு மணவாளக்குறிச்சிப் பக்கம் உறவினர் இருப்பர். 1956 நவம்பர் 1 வரையில் அவ்வூரும் இவ்வூரும் ஒரே ஆட்சியின் கீழ்தான் இருந்தன.

இக்கடைத்தெருவில் ஒரு காலத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு உரிய மேண்டில் விற்காத பலசரக்குக் கடை இராது. திருமண ஊர்வலம், கோயில் திருவிழா, இரவுச் சந்தை எல்லாவற்றுக்கும் அந்த வெண்ணிற வலைப்பைதான் ஒளி தந்தது. அதனை 1885இல் கண்டுபிடித்தவர் ஆஸ்திரிய நாட்டு இரசாயன அறிஞர் கார்ல் ஆவர் பான் வெல்ஸ்பாக். பின்னர் அவரே அதைத் திருத்தி, நூற்றுக்கு 99 பங்கு தோரியம் ஆக்சைடும் 1 பங்கு சீரியம் ஆக்சைடும் கலந்த மேண்டிலை உருவாக்கினார். ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்குகள் பல தோரியத்தை வேண்டி நின்றன. தோரியமோ மோனசைட் என்னும் கனிமத்தில் கிடைப்பது. அதற்காகப் பல நாடுகளில் தேடினர். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய இரசாயனர், நம் பகுதியிலிருந்து கப்பலேறிச் சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். கயிற்றை வாங்கியவர் மணலையும் இலவசமாகப் பெற்றார் என்பதைப் பொருளாதார மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்! அவர் 1910இல் மணவாளக்குறிச்சியிலும், பின்னர் சவறாவிலும் ஆலைகளை நிறுவினார். முதல் உலகப் போர் மூண்டதும் அவர் சிறைப்படுத்தப்பட்டார். தொழில் இலண்டன் நிறுவனத்தின் கைக்கு மாறியது. மண் நம்முடையதாகவும் விலை கூறுவோர் வேறொருவராகவும் இருந்த காலம் அது.

இம்மணலில் என்னதான் இருக்கிறது? கருநிறம் தருவது இல்மனைட். அது இரும்பும் டைட்டானியமும் கலந்த ஆக்சைடு. ரூட்டைல், ஜிர்க்கான், சில்லிமனைட், செந்நிறக் கார்னெட் ஆகியவையும் உண்டு. மோனசைட் தேன்நிறமானது, அளவில் சிறிது, மதிப்பில் பெரிது. அதில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு அருமண் ஆக்சைடுகள். ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு தோரியம் ஆக்சைடு. இவற்றைப் பிரிக்கும் முறை இரசாயனம் அன்று, பௌதிகம். காந்தத்தின் வலிமையைப் படிப்படியாகக் கூட்டினால் முதலில் இல்மனைட்டும், பின்னர் கார்னெட்டும் மோனசைட்டும் ஒதுங்கும். ஜிர்க்கானும் ரூட்டைலும் அசையா. உயர் மின்னழுத்தம் ஏற்றிய உருளைமேல் மணலை ஓடவிட்டால், மின்கடத்தும் ரூட்டைல் ஒரு பக்கமும் கடத்தாத ஜிர்க்கான் மறுபக்கமும் விழும். நெல்லையும் பதரையும் முறம் பிரிப்பது போன்றதே இதுவும். காற்றுக்குப் பதில் காந்தம்.

இனி விண்மீன்களுக்கு வருவோம்.

இம்மணலில் உள்ள உலோகங்கள் எங்கே உண்டாயின என்ற வினாவுக்கு அண்மைக் காலத்தில்தான் கண்ணால் கண்ட விடை கிடைத்துள்ளது. இரும்பு வரையிலான தனிமங்கள் விண்மீன்களின் உள்ளே எரிதலாலும் அவை வெடித்தலாலும் உண்டாகின்றன. டைட்டானியத்தின் கதிரியக்க வகையாகிய டைட்டானியம்-44, அறுபது ஆண்டுகளில் பாதியாகக் குறைந்துவிடுவது. காசியோப்பியா ஏ என்னும் விண்மீன் வெடிப்பின் எச்சத்தில் அது இன்னும் ஒளிர்ந்துகொண்டிருப்பதை அமெரிக்க எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியாகிய நுஸ்டார் படமெடுத்தது; அவ்வரைபடம் 2014இல் வெளியாயிற்று. வெடித்த விண்மீன் டைட்டானியம் வடித்ததற்கு இது நேரடிச் சான்று.

தோரியம் போன்ற மிகக் கனமான தனிமங்களின் கதை வேறு. நியூட்ரான்கள் வெள்ளமாகப் பாய்ந்தாலன்றி அவை உருவாக இயலா. அத்தகைய இடம் எது என்பது பல்லாண்டுகள் ஊகமாகவே இருந்தது. 2017 ஆகஸ்ட் 17 அன்று, இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் ஒன்றோடொன்று மோதி இணைந்த அதிர்வை அமெரிக்காவின் லைகோ, ஐரோப்பாவின் விர்கோ ஆகிய கருவிகள் பதிவு செய்தன. நிகழ்ந்த இடம் 13 கோடி ஒளியாண்டுத் தொலைவு. எழுபதுக்கும் மேற்பட்ட ஆய்வுக்கூடங்கள் அத்திசையில் திரும்பின. புனே அருகிலுள்ள நம் மாபெரும் மீட்டர் அலை ரேடியோ தொலைநோக்கியும் அவற்றுள் ஒன்று. முதலில் நீலமாகத் தோன்றிய ஒளி சில நாட்களில் சிவந்தது. நியோடிமியம் இனத்தைச் சேர்ந்த அருமண் தனிமங்கள் புதிதாகப் பிறந்து நீல ஒளியை மறைத்தமையே அதற்குக் காரணம் என்பது அறிஞர் முடிபு. அவ்வொளியில் ஸ்டிரான்ஷியத்தின் அடையாளம் 2019இல் அறியப்பட்டது. மணவாளக்குறிச்சிக் கரையில் காலில் ஒட்டும் தேன்நிறத் துகள், நம் சூரியன் பிறக்குமுன் இத்தகைய ஏதோ ஒரு பேரழிவில் விளைந்த சரக்கைத் தாங்கியிருக்கிறது.

தோரியம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதோ சுமார் 1,380 கோடி ஆண்டுகள். தேய்மானக் கணக்குப் போடுவது எங்கள் தொழில் ஆதலால் நானும் போட்டுப் பார்த்தேன்: பூமி தோன்றி 454 கோடி ஆண்டுகள் ஆகியும், தொடக்கத்தில் இருந்த தோரியத்தில் ஐந்தில் நான்கு பங்கு இன்னும் மிஞ்சியுள்ளது. இத்துணை மெதுவாகத் தேயும் சொத்தை எந்தத் தணிக்கை அதிகாரியும் கண்டிருக்க மாட்டார். இதனாலேயே மிகப் பழைய விண்மீன்களின் ஒளியில் தோரியத்தின் அளவை மதிப்பிட்டு அவற்றின் வயதைக் கணிக்கின்றனர்.

இன்னொரு செய்தியும் உண்டு. வேலூருக்கு அப்பால் காவலூரில் 1986 முதல் இயங்கிவரும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியில், விண்மீனின் ஒளியைப் பிரித்து அலைநீளம் அளக்க ஓர் அளவுகோல் தேவை. அதற்குத் தோரியம்-ஆர்கான் விளக்கையே பயன்படுத்துகின்றனர். நெருக்கமாகவும் நிலையாகவும் அமைந்த பல்லாயிரம் கோடுகளைத் தோரியம் தருவதால் உலகெங்கும் வானநூலார் இவ்விளக்கை நாடினர். மேண்டிலில் திருமண ஊர்வலத்துக்கு ஒளி தந்த அதே தனிமம், இங்கே விண்மீனுக்கு அளவுகோலாகிறது.

டைட்டானியத்தின் பயணம் வேறு. 1946இல் தோன்றிய திருவிதாங்கூர் டைட்டானியம் நிறுவனம், கொச்சுவேளியில், இல்மனைட்டிலிருந்து வெண்ணிறச் சாயப்பொருள் தயாரித்தது. நம் வீட்டுச் சுவரின் வெண்மைக்கும் பற்பசையின் வெண்மைக்கும் அப்பொருளே காரணம். ஆயினும் ஆக்சைடு வேறு, உலோகம் வேறு. டைட்டானியம் உலோகம் எஃகைவிட நாற்பது விழுக்காடு எடை குறைந்தது, வலிமையில் அதற்கு ஈடானது, துருப்பிடிக்காதது. விண்கலங்களின் எரிபொருள் கலங்களை டைட்டானியக் கலவையால் செய்வதற்கு இதுவே காரணம். ஆனால் ஆக்சிஜனை அது எளிதில் விடாது. முதலில் குளோரினுடன் சேர்த்து டெட்ராகுளோரைடு ஆக்கி, பின்னர் ஆர்கான் வாயுச் சூழலில் மக்னீசியத்தால் குறைத்து, பஞ்சு போன்ற உலோகமாகப் பெறவேண்டும். நம் நாட்டில் மணல் மிகுந்திருந்தும் இப்பஞ்சை நெடுங்காலம் அந்நியச் செலாவணி கொடுத்தே வாங்கினோம். ஐதராபாத் இராணுவ உலோகவியல் ஆராய்ச்சிக்கூடத்தின் தொழில்நுட்பமும், விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் நிதியும் சேர்ந்து, 2011இல் சவறாவில் கேரள மினரல்ஸ் அண்டு மெட்டல்ஸ் நிறுவனத்தில் ஆண்டுக்கு 500 டன் திறனுள்ள ஆலை அமைந்தது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டருக்குள் மணலும், உலோகமும், அதனைப் பயன்படுத்தும் இராக்கெட் மையமும் அமைந்த ஊர் உலகில் அதிகம் இரா.

தும்பாவில் அம்மையம் அமைந்ததற்கும் ஒரு வானியல் காரணம் உண்டு. காந்த நடுக்கோடு இவ்விடத்துக்கு அருகில் செல்கிறது. 1837இல் சுவாதித் திருநாள் மகாராஜா இந்நகரில் வானாய்வுக்கூடம் நிறுவினார். 1852 முதல் அதன் தலைவராக இருந்த ஜான் ஆலன் புரௌன், காந்த முள்ளின் அசைவுகளை அகத்தியர் மலை உச்சி வரை சென்று அளந்தார். அவ்வசைவுகளில் சூரியனின் சுழற்சியை ஒட்டிய ஏறத்தாழ 26 நாள் ஒழுங்கையும் கண்டார். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் இராக்கெட் எழுந்தது. 2023 செப்டம்பர் 2 அன்று புறப்பட்ட ஆதித்யா-எல்1 கலத்தில், சூரியக் காற்றை ஆராயும் 'பாப்பா' என்னும் கருவி இவ்வூர் விண்வெளி இயற்பியல் ஆய்வகத்தில் உருவானது. புரௌனின் முள் ஆடியதற்குக் காரணமானதையே இன்று 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று அளக்கிறோம்.

இவ்வளவு பெருமை பேசிய பின் ஒன்றை மறைத்தல் முறையன்று. மணல் அள்ளும் கரையில் மக்கள் வாழ்கின்றனர். கதிர்வீச்சைப் பற்றிய அச்சம் அவர்களிடையே நெடுநாளாக உண்டு. இந்நகர மண்டலப் புற்றுநோய் மையத்தினர் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், இயற்கைக் கதிர்வீச்சினால் புற்றுநோய் மிகுந்ததாகக் காணவில்லை. இது ஆறுதல் தரும் செய்தி. ஆனால் ஆலப்பாட்டு மக்கள் 2018-19இல் போராடியது புற்றுநோய்க்காக அன்று. கடலுக்கும் கால்வாய்க்கும் இடையிலுள்ள தங்கள் நிலத்துண்டு ஆண்டுக்கு ஆண்டு ஒடுங்குகிறதே என்பதற்காக. கடல்சுவர், அலை, மணல் அள்ளுதல் ஆகியவற்றுள் எதன் பங்கு எவ்வளவு என்று வாதிடலாம். நிலத்தை இழப்பவரிடம் அவ்வாதம் எடுபடாது. மணலின் விலையில் கரையைக் காக்கும் செலவும் ஒரு கூறாக இருத்தல் வேண்டும் என்பது என் சொந்தக் கருத்து. அரசின் கருத்தாகக் கொள்ள வேண்டா.

மற்றொரு கவலை, பதப்படுத்தும் தொழிலைப் பற்றியது. வெல்ஸ்பாக் 1885இல் மேண்டிலோடு நியோடிமியத்தையும் கண்டுபிடித்தார். இன்று மின்சார மோட்டார் வாகனங்களுக்கும் காற்றாலைகளுக்கும் தேவையான வலிய காந்தம் நியோடிமியம், இரும்பு, போரான் கலந்தது. நாம் 1950இல் இந்திய அருமண் நிறுவனத்தைத் தொடங்கினோம். ஆலுவாவை அடுத்த உத்யோகமண்டலில் 1952 முதல் மோனசைட்டைப் பிரித்தோம். எனினும் காந்தம் செய்வதில் பின்தங்கினோம். 2025 ஏப்ரலில் சீனா அருமண் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது நம் வாகனத் தொழிற்சாலைகள் தவித்தன. அதே ஆண்டு நவம்பரில், ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் செய்ய ரூ. 7,280 கோடித் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. கயிற்றோடு மணலை அனுப்பிய காலத்துக்கும் இதற்கும் நூறாண்டுக்கு மேல் இடைவெளி.

மாணவர்கள் தாமே செய்யக்கூடியது என்ன என்று கேட்பீர்கள். கடற்கரை மணலை மூட்டையாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டா. மோனசைட் சட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருள். பழுதான காதொலிக் கருவியிலிருந்து எடுத்த சிறு காந்தத்தைத் தாளில் சுற்றி, கரையிலேயே ஒரு பிடி மணலில் உருட்டிப் பாருங்கள். கருந்துகள்கள் ஒட்டும், வெண்மணல் ஒட்டாது. மணலின் தம்பியே மணலைப் பிரிக்கிறான்!

பழைய குறுந்தகடு ஒன்றும், மெல்லிய பிளவு வெட்டிய அட்டைப்பெட்டி ஒன்றும் இருந்தால் ஒளிபிரிக்கும் கருவி ஆயிற்று. அதனால் சி.எப்.எல். விளக்கைப் பாருங்கள். தனித்துத் தெரியும் சிவப்புக் கோடு யூரோப்பியம் தருவது. பச்சைக் கோடு டெர்பியம் தருவது. இரண்டும் அருமண் குடும்பத்தினர். சூரியனை மட்டும் அதன்வழி நேரே நோக்கலாகாது.

வெறுங்கண்ணுக்கும் வேலை உண்டு. திருவாதிரையின் செந்நிற ஒளியைப் பிரித்தால் டைட்டானியம் ஆக்சைடின் அகன்ற பட்டைகள் தெரியும். 2020 பிப்ரவரியில் அவ்விண்மீன் தன் வழக்கமான ஒளியில் சுமார் மூன்றில் ஒரு பங்காக மங்கியது. அது வெளியேற்றிய வாயு குளிர்ந்து தூசியாகி மறைத்ததே காரணம் என்று பின்னர் தெளிந்தனர். அந்த மங்கலை நாள்தோறும் மதிப்பிட்டவர்களுள் ஊதியமில்லாத ஆர்வலர் பலர். மாறொளி விண்மீன்களைக் கண்காணிக்கும் பன்னாட்டு அமைப்பு பள்ளி மாணவரின் குறிப்பையும் ஏற்கும். முறை எளிது. தை, மாசி மாதங்களில் முன்னிரவு வானில் திருவாதிரையும் ரோகிணியும் ஒருங்கே தெரியும். ரோகிணியின் ஒளி அதிகம் மாறுவதில்லை. இரண்டில் எது மிகுதி, எவ்வளவு மிகுதி என்று ஒப்பிட்டு, தேதி, நேரம், மேகம் இருந்ததா என்பவற்றுடன் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். கடைத்தெருவின் விளக்கொளி இடையூறாக இருக்கும். சங்குமுகம் கடற்கரையின் இருண்ட பகுதியிலோ மொட்டை மாடியிலோ நின்று, கண் இருளுக்குப் பழகப் பத்து நிமிடம் காத்திருந்து பாருங்கள்.