கேபிள் வேலையும் கூலிக் கணக்கும்



ஓட்டுப் போடப் போகிறோம். மேசையில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் இருக்கிறது. பொத்தான் உள்ள பெட்டி ஒரு பக்கம், அதிகாரியிடம் உள்ள பெட்டி இன்னொரு பக்கம். நடுவே கேபிள் ஓடுகிறது. ரேஷன் கடைத் தராசைப் பாருங்கள். அதன் அடியிலும் கேபிள். லிப்ட், ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பு காட்டும் கருவி, கரண்ட் போனால் விளக்கெரிய வைக்கும் யூ.பி.எஸ். எல்லாவற்றின் வயிற்றிலும் கட்டுக் கட்டாக ஒயர்.

இந்த ஒயர்களை வெட்டி, முனையில் உலோகக் கொக்கி போட்டு, கட்டிக் கொடுப்பது யார்? மெஷின்தான் செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மை. ஒரே மாதிரி கேபிள் லட்சக்கணக்கில் வேண்டுமானால் மெஷின் செய்யும். 50 வேண்டும், 200 வேண்டும் என்றால் மெஷின் கட்டுப்படியாகாது. அதற்கு அளவு வைத்து, அச்சு மாற்றி, சரி பார்ப்பதற்குள் கைவேலையே முடிந்துவிடும். ஆகவே சின்ன ஆர்டர்கள் கைகளுக்கு வருகின்றன. பெரும்பாலும் பெண்களின் கைகளுக்கு.

பெங்களூரில் பீன்யா என்ற தொழிற்பேட்டை இருக்கிறது. 1970-களில் ஏற்பட்டது. அதற்கு முன்பே அந்த நகரத்தில் பெரிய அரசு ஆலைகள் வந்துவிட்டன. டெலிபோன் செய்யும் ஐ.டி.ஐ. 1948-லும், ராணுவத்துக்கு மின்னணுக் கருவி செய்யும் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1954-லும் தொடங்கின. பெரிய ஆலை இருந்தால் பக்கத்தில் சிறு பட்டறைகள் முளைக்கும். ஆலமரத்தடியில் புல் முளைக்காது என்பார்கள். ஆலை நிழலில் முளைக்கிறது! கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி எல்லாம் பேசும் பெண்கள் அந்தப் பட்டறைகளில் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். நொய்டாவிலும் புனேயிலும் இதே வேலைதான்.

இந்த வேலை ஏன் நிரந்தரமாக இருப்பதில்லை? ஆர்டர் வந்தால் பத்து நாள் வேலை. முடிந்தால், "சொல்லி அனுப்புகிறோம்" என்பார்கள். சிலருக்கு அரைநாள் வேலை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு 10 மணிக்கு வந்து 2 மணிக்குத் திரும்புகிறார்கள். முதலாளிக்கு அது வசதி. பெண்களில் சிலருக்கும் வசதிதான். ஆனால் அரைநாள் வேலை என்பதால் அரைகுறைக் கணக்கு போதும் என்று ஆகிவிடக் கூடாது. அந்தக் கணக்குக்குப் பிறகு வருவோம். முதலில் வேலையைப் பார்ப்போம்.

ஒயரை அளந்து வெட்ட வேண்டும். பிறகு நுனியில் உறையை நீக்க வேண்டும். சின்னக் கொக்கிகளுக்கு 4 மி.மீ. போல நீக்கினால் போதும். அரிசி மணி நீளத்தைவிடக் குறைவு. உள்ளே தலைமுடி போல மெல்லிய செம்புக் கம்பிகள் இருக்கும். உறையை நீக்கும்போது அதில் இரண்டு அறுந்தால் பார்ப்பதற்குத் தெரியாது. ஆனால் ஒயர் அந்த இடத்தில் பலவீனமாகிவிடும்.

அடுத்து கொக்கி. பட்டறையில் அதை டெர்மினல் என்கிறார்கள். அதற்கு இரண்டு ஜோடிச் சிறகு. முன் ஜோடி செம்பைப் பிடிக்கும். பின் ஜோடி உறையைப் பிடிக்கும். கைக்கருவியில் வைத்து அழுத்தினால் இரண்டும் மடங்கிக் கவ்வும். இதற்குக் கிரிம்பிங் என்று பெயர். உறை கொஞ்சம் முன்னே போய்விட்டால் முன் சிறகு உறையைக் கவ்வும், செம்பைத் தொடாது. மின்சாரம் போகாது. செம்பு வெளியே நீண்டுவிட்டால் பக்கத்து ஒயரில் பட்டு ஷார்ட் ஆகும்.

டெர்மினலைப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் தள்ளும்போது "டிக்" என்று ஒரு சத்தம் வரும். பழகிய பெண்கள் அந்தச் சத்தத்தைக் காதால் மட்டுமல்ல, விரலாலும் கேட்கிறார்கள். பின்னர் மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். கையோடு வந்தால் சரியாக மாட்டவில்லை. கடைசியில் மல்டிமீட்டரை இரு முனையிலும் வைத்தால் பீப் ஒலி வர வேண்டும். அதன் பிறகு சீட்டு ஒட்டிக் கட்டு கட்டுவார்கள்.

இதை "லேசான வேலை, பெண்கள் வேலை" என்று சொல்லிக் கூலியைக் குறைக்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை நூறு முறை அந்தக் கைப்பிடியை அழுத்த வேண்டும் என்று அப்படிச் சொல்பவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

இனி எழுத்துக்கு வருவோம்.

ஒவ்வொரு ஆர்டருக்கும் ஜாப் கார்டு என்று ஒரு தாள் வரும். எத்தனை கேபிள், ஒயர் நீளம் எத்தனை மி.மீ., கூட்டில் 1-ஆம் துளையில் எந்த நிறம், 2-ஆம் துளையில் எந்த நிறம் எல்லாம் அதில் இருக்கும். படிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? மேசையில் ஒரு மாதிரி கேபிள் கிடக்கும். அதைப் பார்த்து அதே போலச் செய்வார்கள். மாதிரி நல்ல ஆசிரியர்தான். ஆனால் தான் பழையதா, புதியதா என்று அது சொல்லாது.

ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். தராசுக்கான பேட்டரி கேபிள் 180 செய்ய வேண்டும். மேசையில் உள்ள மாதிரியில் 1-ஆம் துளையில் சிவப்பு, 2-ஆம் துளையில் கறுப்பு. போன முறை அப்படித்தான் செய்தார்கள். இந்த முறை தராசுக் கம்பெனி உள்ளே இருக்கும் அட்டையை மாற்றிவிட்டது. கார்டின் மூலையில் திருத்தம் "பி" என்று இருக்கிறது. 1-இல் கறுப்பு, 2-இல் சிவப்பு. நான்கு பெண்களில் ஒருத்தி ஆறு மாதமாக மாலை வகுப்புக்குப் போகிறவள். அவள் மாதிரியைப் பார்ப்பதற்கு முன் கார்டைப் பார்க்கிறாள். எண்ணும் நிறத்தின் பெயரும்தான், ஆங்கிலத்தில். எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். "அக்கா, இது வேற மாதிரி இருக்கே" என்கிறாள். மூத்தவள் முதலில் நம்பவில்லை. "இருபது தடவை செஞ்சிருக்கேன்டி" என்கிறாள். சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். அவரும் கார்டைச் சரியாகப் பார்த்திருக்கவில்லை.

பார்க்காமல் செய்திருந்தால் 180 கேபிளும் தலைகீழ். மீட்டரில் பீப் ஒலிதான் வந்திருக்கும். தராசில் மாட்டியவுடன் அட்டை கருகியிருக்கும். மாட்டிய டெர்மினலைக் கழற்றுவதும் சுலபமல்ல. மெல்லிய ஊசிக் கருவியை உள்ளே விட்டுக் கொக்கியின் நாக்கை அமுக்கி இழுக்க வேண்டும். நாக்கு வளைந்துவிட்டால் மறுபடி பூட்டாது. வெட்டிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். அப்போது ஒயர் நீளம் குறையும்.

அந்த நஷ்டம் யார் தலையில் விழும்? பெரும்பாலும் மேசையில் உட்கார்ந்தவர்கள் தலையில்.

இப்போது கூலிக் கணக்கு. ஒரு கேபிளுக்கு 3 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 12 செய்யலாம். 180 கேபிளுக்கு 15 மணி நேரம். கூலி 540 ரூபாய். மணிக்கு 36 ரூபாய் வருகிறது. இதில் சில கேபிள் திரும்பி வந்தன. சரி செய்ய 3 மணி நேரம். அதற்குத் தனிக் கூலி இல்லை. இப்போது 18 மணி நேரம், 540 ரூபாய். மணிக்கு 30 ரூபாய். நடுவில் டெர்மினல் வரவில்லை என்று 2 மணி நேரம் காத்திருந்தார்கள். மொத்தம் 20 மணி நேரம். மணிக்கு 27 ரூபாய். கேபிளுக்கு 3 ரூபாய் என்பது மாறவில்லை. மணிக் கூலி மட்டும் 36-லிருந்து 27-க்கு இறங்கிவிட்டது. எழுதி வைக்காதவர்களுக்கு இது தெரியவே தெரியாது. "இந்த வாரம் கை ஓடலை" என்று தங்களையே நொந்துகொள்வார்கள்.

ஆகவே ஒரு நோட்டு வேண்டும். தேதி, ஆர்டர் எண், வந்த நேரம், போன நேரம், செய்த கேபிள், திரும்பி வந்தது, காத்திருந்த நேரம், வாங்கிய கூலி. எட்டுக் கட்டம் போதும். நான்கு பேர் ஒரே நோட்டில் எழுதினால் இன்னும் நல்லது. தனி ஒருத்தியின் நோட்டை மறுப்பது சுலபம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1948-ல் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் வந்தது. அதையும் வேறு மூன்று சட்டங்களையும் சேர்த்து 2019-ல் ஊதியத் தொகுப்புச் சட்டம் செய்தார்கள். 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பீஸ் கணக்கில் கூலி வாங்கினாலும் அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே கொடுக்கக் கூடாது. தொகையை மாநில அரசு அறிவிக்கிறது, அது அவ்வப்போது மாறும். தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்கலாம். கூலிச் சீட்டு கொடுக்க வேண்டும். ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி கூடாது. பொருள் கெட்டுவிட்டது என்று பிடித்தம் செய்வதானால், அவளுடைய கவனக்குறைவால்தான் கெட்டது என்று இருக்க வேண்டும். அவள் தரப்பைச் சொல்ல வாய்ப்பு தந்த பிறகே பிடிக்கலாம். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து கூலியில் பாதியைத் தாண்டக் கூடாது. பழைய மாதிரியை மேசையில் வைத்தது யார் என்று கேட்கும் இடம் இதுதான்.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் ஈ.எஸ்.ஐ. உண்டு. தொழிலாளி பங்கு 100 ரூபாய்க்கு 75 பைசா. முதலாளி பங்கு 3 ரூபாய் 25 பைசா. கூலியில் பிடித்திருக்கிறார்களா, பிடித்ததைக் கட்டினார்களா என்று எண்ணைக் கொண்டு பார்த்துக்கொள்ளலாம். தற்காலிக வேலை என்பது விலக்குக்குக் காரணம் ஆகாது.

உடம்பைப் பற்றியும் ஒரு சங்கதி. சில கேபிள்களுக்குச் சால்டரிங் வைக்க வேண்டும். பழைய வகைப் பற்றுக் கம்பியில் வெள்ளீயம் 60 பங்கு, காரீயம் 40 பங்கு. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். இது அதுவல்ல. காரீயம் விஷம். வயிற்றில் இருக்கும் குழந்தையையும், சின்னப் பிள்ளைகளின் மூளையையும் கெடுக்கும். புகையில்தான் காரீயம் இருக்கிறது என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் புகை பிசினின் புகை. அது மூச்சிரைப்பைத் தரும், ஆகவே முகத்தில் அடிக்காமல் ஜன்னல் பக்கம் தள்ள மின்விசிறி வேண்டும். காரீயம் உள்ளே போவது பெரும்பாலும் விரல் வழியாக. கம்பியைப் பிடித்த கையோடு வெற்றிலை போடுவது, மேசையிலேயே டிபன் டப்பாவைத் திறப்பது, இவைதான் ஆபத்து. சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வேறு இடத்தில் சாப்பிட வேண்டும். காரீயம் இல்லாத கம்பியும் இப்போது கிடைக்கிறது.

சிலர் வேலையை வீட்டுக்கே வாங்கிப் போகிறார்கள். ஒயர் வெட்டுவது, முறுக்குவது, சீட்டு ஒட்டுவது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்காக 1996-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஓர் உடன்படிக்கை செய்தது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. 2021-ல் மத்திய அரசு தொடங்கிய இ-ஷ்ரம் பதிவில் இவர்கள் பெயரைச் சேர்க்கலாம். 16 வயது முதல் 59 வயது வரை. ஆதார் எண் வேண்டும். வெட்டு ஒயரை வீட்டுக்கு வாங்கலாம், சால்டரிங்கை மட்டும் வாங்கக் கூடாது. தரையில் சிந்திய காரீயத் துளியைத் தவழும் பிள்ளை எடுத்து வாயில் வைக்கும்.