வளராத பிள்ளைகளின் வளரும் குரல்

ஈப்போ கருத்தரங்கின் தலைமை உரை

நீண்டகாலம் ஓடும் கார்ட்டூன் தொடர்களில் குரல் நடிப்பு எப்படி மாறுகிறது என்பதே இன்றைய ஆய்வுப் பொருள். இதைக் குழந்தைகள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடாமல் ஒரு கருத்தரங்கே கூட்டிய ஏற்பாட்டாளர்களை முதலில் பாராட்டுகிறேன்.

சுங்கை சிப்புட் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர்த் தோட்டத்து ஆயாக் கொட்டகையிலிருந்து தொடங்குகிறேன். விடியுமுன் பெரட்டு என்ற காலைக் கூட்டத்துக்குப் போகும் தாய்மார்கள், தூக்கம் கலையாத பிள்ளைகளை அங்கே விட்டுச் செல்வார்கள். பால்மரம் வெட்டி, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, நிறுத்துக் கொடுத்துவிட்டு அவர்கள் திரும்பும்வரை எங்களைக் கட்டிப்போட்டது ஆயாவின் குரல்தான். அவர் ஒரு நரிக்கதை சொல்வார். அது ஒரே நாளில் முடியும் கதை அன்று. நரி இன்றைக்குக் கிராணியை ஏய்க்கும், நாளைக்குச் சீனக் கடையில் கடன் வாங்கும், மறுநாள் கங்காணியிடம் மாட்டிக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் அது ஓடியது.

என் காலத்தில் அந்த நரிக்குக் கீச்சுக் குரல். எட்டு ஆண்டுகள் கழித்து என் கடைசித் தங்கை அதே கொட்டகைக்குப் போனாள். வீட்டுக்கு வந்து நரியைப் பேசிக் காட்டும்போது அடித்தொண்டையில் கரகரவென்று பேசினாள். “நரி அப்படிப் பேசாது” என்று நான் சண்டைக்குப் போனேன். “இல்லண்ணே, இப்படித்தான் பேசும்” என்று அவள் அழுதாள். அம்மா அடுப்படியிலிருந்து சொன்னார்: “ரெண்டு பேரு சொல்றதும் சரிதான். ஆயாவுக்குத் தொண்டை போயிருச்சு.”

இன்று நாம் பேசப்போகும் பொருள் முழுவதும் அந்த லயத்து வீட்டுச் சண்டைக்குள் இருக்கிறது. பாத்திரத்துக்கு வயதாவதில்லை, பேசுகிறவருக்கு வயதாகிறது. கேட்கும் ஒவ்வொரு தலைமுறையும் தன் காதில் முதலில் விழுந்த குரலையே உண்மையான குரல் என்று நம்புகிறது.

நம் மலேசியாவில் இதற்கு நல்ல சான்று ‘உப்பின் இப்பின்’. 2007-இல் நோன்பு மாதத்தில் டிவி9 அலைவரிசையில் தொடங்கிய தொடர் அது. அந்த இரட்டையர் அன்றைக்கும் ஐந்து வயதுப் பிள்ளைகள், இன்றைக்கும் ஐந்து வயதுப் பிள்ளைகள். ஆனால் முதலில் இருவருக்கும் குரல் கொடுத்த நூர் ஃபாத்தியா டியாஸ் அப்போது சிறுமி. அவர் வளர்ந்தார். பிறகு அந்தப் பொறுப்பு அஷீலா புத்ரியிடம் வந்தது. ஒரே தொண்டையிலிருந்து இரண்டு பிள்ளைகள் பேச வேண்டும். படத்தில் உப்பினுக்கு உச்சந்தலையில் ஒற்றைக் குடுமி, இப்பினுக்கு அதுவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இந்த அடையாளம் எதுவும் உதவாது. ‘சரிதான்’ என்று பொருள்படும் ‘பெத்துல்’ என்ற மலாய்ச் சொல்லை இப்பின் மூன்று தடவை அடுக்கும் அந்தத் தாளமும், அண்ணன் உப்பினின் பேச்சில் இருக்கும் முந்திரிக்கொட்டைத்தனமும்தான் அவர்களைப் பிரித்துக் காட்டுகின்றன. புதிதாக வரும் கலைஞர் இந்தத் தாளத்தைச் சுமந்துகொண்டு, அதற்குள் தன் மூச்சையும் நுழைக்க வேண்டும். பழைய குரலை அச்சாகப் பின்பற்றினால் உயிர் போய்விடும். முற்றிலும் மாற்றினால் பிள்ளைகள் ஏற்க மாட்டார்கள்.

அதே நூர் ஃபாத்தியா டியாஸ், 2011-இல் தொடங்கிய ‘போபோய்போய்’ தொடரின் நாயகனுக்குக் குரல் கொடுத்தார். அந்தச் சிறுவன் இடி, காற்று, மண் என்று மூன்றாகப் பிரிவான். ஒவ்வொருவனுக்கும் தனிக் குணம், ஆனால் குரல் ஒருவருடையது. 2016-இல் வந்த ‘போபோய்போய் கேலக்சி’யில் அந்தச் சிறுவன் பதின்ம வயதை எட்டிவிட்டான். ஒரே கலைஞர், வளராத பாத்திரம் ஒன்றையும் வளர்ந்த பாத்திரம் ஒன்றையும் கையாண்டிருக்கிறார். இந்த இரண்டையும் அருகருகே வைத்து, சுருதி, வேகம், சிரிப்பு, அழுகை என்று அங்கம் அங்கமாக ஒப்பிடும் ஆய்வேடு ஒன்று நம் பல்கலைக்கழகங்களிலிருந்து வர வேண்டும்.

உலகத் தொடர்களைப் பார்த்தால் மாற்றம் மூன்று வழிகளில் வருவது தெரியும். முதலாவது, உடலால் வரும் மாற்றம். பருவ வயதில் ஆண்பிள்ளையின் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். அதனால்தான் சிறுவர் பாத்திரங்களுக்குப் பெண்களே பெரும்பாலும் பேசுகிறார்கள். 1936-இல் பிறந்த மசாகோ நொசாவா, ‘டிராகன் பால்’ நாயகன் கோக்குவுக்கு 1986-இலிருந்து குரல் கொடுத்து வருகிறார். கோக்கு சிறுவனாக இருந்தபோதும் அவர்தான் பேசினார். கோக்கு தகப்பனாகி, தாத்தாவான பிறகும் அவர்தான் பேசுகிறார். ‘சிம்ப்சன்ஸ்’ தொடரில் ஹோமருக்குப் பேசும் டான் காஸ்டெலனெட்டா, தொடக்கத்தில் வால்டர் மத்தாவ் என்ற நடிகரின் சாயலில் பேசினார். நீண்ட ஒலிப்பதிவுகளில் அந்தக் குரலைத் தாங்கிப் பிடிக்க முடியாமல், தன் தொண்டைக்கு ஏற்ற குரலுக்கு நகர்ந்தார். உலகம் இன்று அறிந்த ஹோமர் அந்த நகர்வில் பிறந்தவர்.

இரண்டாவது, கைமாறுவதால் வரும் மாற்றம். ‘டோரேமான்’ பூனைக்கு நொபுயோ ஒயாமா 1979 முதல் 26 ஆண்டுகள் பேசினார். 2005-இல் அவர் உட்பட முதன்மைக் கலைஞர்கள் ஐவரும் ஒருசேர விலக, வசாபி மிசுதா அந்தப் பூனையை ஏற்றார். ஜப்பானில் ஒருவர் எந்தக் குரலை டோரேமான் என்கிறார் என்று கேட்டால் அவர் வயதை ஓரளவு கணித்துவிடலாம். நானும் என் தங்கையும் போட்ட சண்டையை ஒரு நாடே போட்டது.

மூன்றாவது, கேட்பவர் காது மாறுவதால் வரும் மாற்றம். நமக்கு மிக நெருக்கமானது இதுதான். ‘சிம்ப்சன்ஸ்’ தொடரில் கடைக்காரர் அப்பு இந்தியர். அவருக்கு முப்பது ஆண்டுகள் குரல் கொடுத்த ஹேங்க் அசாரியா இந்தியர் அல்லர். அந்தக் குரல் அமெரிக்காவில் வளர்ந்த இந்தியப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் எப்படித் துரத்தியது என்று, நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு 2017-இல் ஓர் ஆவணப்படமே எடுத்தார். 2020-இல் அசாரியா அந்தப் பாத்திரத்திலிருந்து விலகினார். குரல் மாறவில்லை, கேட்டவர்கள் மாறியிருந்தார்கள்.

இதை நம் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டு வாருங்கள். ‘உப்பின் இப்பின்’ கதை நடக்கும் டுரியான் ருந்து கம்பத்தில் கடை வைத்திருக்கும் அங்கிள் முத்து, மாட்டோடு திரியும் ராஜூ, ‘போபோய்போய்’ தொடரின் கோபால் எல்லாரும் நம் சாயலில் வரையப்பட்டவர்கள். கோபாலுக்குக் குரல் கொடுத்தவர் ஜுபிர் முகமட் ஜக்காரியா. நான் இங்கே யார்மீதும் குறை சொல்ல வரவில்லை. அந்தப் பாத்திரங்களைப் பிள்ளைகள் நேசிக்கிறார்கள், அந்த நேசம் பல இனங்கள் ஒரே திரை முன்னால் உட்கார்ந்து பெற்ற நேசம். ஆனால் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரு தமிழனின் மலாய்ப் பேச்சு எப்படி இருக்கும் என்று நாடு முழுவதற்கும் சொல்லித் தந்தவை இந்தக் குரல்கள். முதல் அங்கங்களுக்கும் இன்றைய அங்கங்களுக்கும் இடையே அந்தப் பேச்சு மிகையிலிருந்து இயல்புக்கு வந்திருக்கிறதா, இல்லை இன்னும் மிகையாகிவிட்டதா? புந்தோங்கிலும் தெலுக் இந்தானிலும் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிக்கிறார்களா, கூசுகிறார்களா? ஊகத்தால் பதில் சொல்லாமல், கேட்டு, குறித்து, எண்ணிப் பார்த்து நாம் பதில் சொல்ல வேண்டும்.

தமிழில் பேசும் கார்ட்டூன்களிலும் நம் குரல் இல்லை. ‘உப்பின் இப்பின்’ பிறந்த அதே 2007-இல் சென்னையில் சுட்டி டிவி தொடங்கியது. டோராவும் புஜ்ஜியும் நம் வீடுகளில் தமிழ் பேசினார்கள், நம் பிள்ளைகளுக்குத் தமிழ்மீது ஆசை வளர்த்தார்கள். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனாலும் அது சென்னைத் தமிழ். “பசியாறிட்டீங்களா?” என்று கேட்கும் நம் தமிழ், பாசாரும் கம்பமும் ஒட்டுப்பாலும் உள்ள நம் தமிழ், எந்த நீண்ட தொடரிலும் ஒரு பாத்திரத்தின் வாயிலிருந்து ஆண்டுக்கணக்கில் ஒலித்து முதிரவில்லை.

இந்தப் பேச்சைப் பேராக்கில் நடத்துவது பொருத்தம். கோப்பெங் பக்கத்துக் கம்பத்தில் பிறந்து, ஈப்போவில் படித்த ஓவியர் லாட்டின் ‘கம்போங் பாய்’, 1990-களின் இறுதியில் 26 அங்கத் தொடராக வந்தது. 1999-இல் பிரான்சின் அன்னெசி விழாவில் அதற்கு விருதும் கிடைத்தது. ஒரு பேராக் கம்பத்தின் பேச்சு உலகத்துக்குப் போகும் என்று அது காட்டியது. ஆனால் அதன் குரல்கள் முதிர்வதற்கு முன்பே தொடர் முடிந்துவிட்டது. பின்னர் இதே ஈப்போவில், மேரு ராயாவில், கார்ட்டூன் பாத்திரங்களுக்கென்றே ஒரு கேளிக்கைப் பூங்கா 2017-இல் திறந்து 2020-இல் மூடியது. நம் குரல்களைச் சேர்த்துவைக்க ஒரு காப்பகம் வேண்டும் என்கிறேன். நான் கேட்பது அவ்வளவு பெரிய இடம் அன்று. அதற்குச் சத்தம் புகாத ஓர் அறையும், பொறுப்பான இரண்டு ஆட்களும் போதும்.

எனவே இந்த இரண்டு நாளில் மூன்று வேலைகளை உங்கள் முன் வைக்கிறேன். ஒன்று, தொடர் வாரியாக, ஆண்டு வாரியாக, எந்தப் பாத்திரத்துக்கு யார் பேசினார் என்ற பட்டியலைத் தமிழில் தொகுப்போம். எழுத்துகள் ஓடும்போது அலைவரிசையை மாற்றிவிடும் நாம் இந்தக் கலைஞர்களின் பெயரைக்கூடப் படிப்பதில்லை. இரண்டு, கலைஞர்கள் இருக்கும்போதே அவர்களிடம் நேர்காணல் எடுப்போம். ஒரு குரலை இயந்திரம் நகலெடுக்கும் காலம் இது. குரலுக்கு உரியவரின் சம்மதமும் ஊதியமும் எழுத்தில் இருக்க வேண்டும் என்று ஒரே குரலில் சொல்வோம். மூன்று, தோட்டத்துப் பேச்சைப் பதிவு செய்வோம். நாளை தமிழில் ஒரு கார்ட்டூன் எடுக்கப்போகும் இளைஞனுக்குக் கேட்டுப் பழக ஒரு குரல் வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. ஆயாக் கொட்டகை இருந்த இடம் தெரியவில்லை. ஆயாவின் நரி எந்த ஒலிநாடாவிலும் இல்லை. எனக்குத் தெரிந்த கீச்சுக் குரலும் என் தங்கைக்குத் தெரிந்த கரகரப்பும் எங்கள் இருவரோடு போய்விடும்.

உங்களில் பலர் வீட்டில் தோட்டத்தில் வேலை செய்த ஒரு பாட்டியோ தாத்தாவோ இருப்பார்கள். கருத்தரங்கு முடிந்து வீட்டுக்குப் போனதும் கைப்பேசியை அவர்கள் பக்கத்தில் வைத்து, ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டும் அதே கதையைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். இந்த வேண்டுகோளோடு கருத்தரங்கைத் தொடக்கி வைக்கிறேன்.