டேப்லெட்டும் சைக்கிளும்
(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



நம் மருத்துவமனை ஊழியர்களுக்கு டேப்லெட் கருவியில் படமும் பேச்சுமாகப் பாடம் நடத்தத் தொடங்கியிருக்கிறோம். இதைக் கேள்விப்பட்ட உங்களில் பலர், "இன்னும் எத்தனை கருவி வேண்டும்?" என்று அன்போடு கேட்கிறீர்கள். பதில் சொல்லுமுன், இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த ஒரு காரியத்தை நினைப்பூட்ட விரும்புகிறோம்.

1991-ல் இங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் திருமதி ஷீலா ராணி சுங்கத். எழுத்து கற்பிக்க வந்த இயக்கம் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்? பாடம் நடத்தும் பெண் அடுத்த ஊருக்குப் போய்த் திரும்ப பஸ்ஸையோ அண்ணன் தம்பியையோ நம்பியிருக்கும்வரை இயக்கம் எப்படி நடக்கும்?

கற்க வந்தவர்கள் ஒரே தரத்தினர் அல்ல. கல்லுடைக்கிறவர்கள், வயல் கூலிப் பெண்கள், பால்வாடி ஊழியர்கள், சத்துணவுப் பணியாளர்கள், கிராம செவிலியர், ஆசிரியைகள் எல்லாரும் வந்தார்கள். கேலிக்கும் குறைவில்லை. ஆனாலும் 1992 மார்ச் 8 அன்று, உலகப் பெண்கள் தினத்தில், 1500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் சைக்கிளில் வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். முன்னால் உள்ள பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதற்காகவே அதை விரும்பியவர்களும் உண்டு! தண்ணீர்க் குடம், விற்பனைச் சரக்கு, பிள்ளை எல்லாம் சைக்கிளில் ஏறின. தங்கள் பாரம் குறைந்ததை அவர்களே கண்டார்கள். குடுமியான்மலைக் கல்குவாரிகளில், கற்றுக்கொண்ட பெண்களே மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

இப்போது நம் வார்டுக்கு வருவோம். மருத்துவக் கழிவு பற்றிய 2016-ம் ஆண்டு விதிகளின்படி, கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் வேலையில் சேரும்போதும், பிறகு வருடம் ஒருமுறையாவதும் பயிற்சி தர வேண்டும். மஞ்சள் பை, சிவப்புப் பை, கண்ணாடிக்கு நீலம், ஊசிக்குத் துளைபடாத வெள்ளை டப்பா. ஊசி தவறான பையில் விழுந்தால், அது குத்துவது பெரும்பாலும் போட்டவரை அல்ல, பையைத் தூக்குகிறவரைத்தான். மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் அந்த ஒரு குத்தில் வரக்கூடும். எழுத வாசிக்கத் தெரியாத ஆயாவுக்கு, சுவரில் ஒட்டிய அறிவிப்பைவிட பேசும் படம் உதவிதான். சந்தேகமில்லை.

ஆனால் கருவியைக் கையில் கொடுத்தால் நர்ஸ் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். ஆயாவோ கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தள்ளி நிற்கிறார். உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயம்! கடைசிப் படம் வந்துவிட்டால் பாடம் ஏறிவிட்டது என்றும் எண்ண முடியாது. ஆகவே பாடம் முடிந்ததும், பயன்படுத்தாத சிரிஞ்சு, பஞ்சு, மருந்துக் குப்பிகளை ஒரு தட்டில் வைத்து, பிரித்துப் போடச் சொல்கிறோம். அங்கேதான் தெரிந்துவிடும். பக்கத்தில் இருந்து பொறுமையாகக் காட்ட ஒருவர் வேண்டும். சைக்கிளின் சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுகிறவரைப்போல.

கருவிக்குக் கொடுப்பது எளிது. பெயர் எழுதி ஒட்டலாம். கூட ஓடுகிறவரின் ஒரு மணி நேரத்தில் யார் பெயரை ஒட்டுவது?

எனவே எங்கள் பதில் இதுவே: இருக்கிற கருவிகள் போதும். ஆயா வகுப்பில் இருக்கும் ஒரு மணி நேரம், அவருடைய வார்டைப் பார்க்க இன்னொருவர் வேண்டும். இரவு டியூட்டி முடித்தவரைத் தூக்கக் கலக்கத்தோடு உட்கார வைக்க எங்களுக்கு மனமில்லை. அந்த மாற்று ஆளின் கூலியை மாதந்தோறும் தாங்க முன்வருவீர்களா? முதல் குழுவில் கற்ற சலவைப் பகுதிப் பெண்கள் இருவர் அடுத்த குழுவுக்குக் கற்றுக்கொடுக்க ஆயத்தமாயிருக்கிறார்கள். அவர்களுடைய துணி வெளுக்கும் நேரத்துக்கும் ஆள் வேண்டும்.