நடந்தது என்ன? சட்டம் என்ன?

(வணிகர்கள், இளைஞர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

"கீழ்க்கோர்ட்டில் தோற்றால் என்ன ஹஜ்ரத், ஹைகோர்ட் இருக்கிறதே!" என்றார் ஒரு வியாபாரி. புரோநோட் கடன். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ரசீது வாங்கவில்லை, நோட்டையும் திரும்பக் கேட்கவில்லை. "பழகிய மனிதர், எப்படிக் கேட்பது?" வழக்கு வந்தது. சாட்சி இல்லை. முன்சீப் கோர்ட்டில் தோல்வி, சப் கோர்ட் அப்பீலிலும் தோல்வி. ஹைகோர்ட் வக்கீல் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இதில் சட்டப் பிரச்சினை எங்கே இருக்கிறது?"

சகோதரர்களே! ஒரு வழக்கில் இரண்டு வகைக் கேள்விகள் உண்டு. நடந்தது என்ன என்பது ஒன்று. நடந்ததற்குச் சட்டம் என்ன சொல்கிறது என்பது மற்றொன்று.

நோட்டில் இருப்பது உங்கள் கையெழுத்தா? பணம் திரும்பிப் போனதா? இவை முதல் வகை. சாட்சியும் ஆவணமும்தான் இதற்குப் பதில். நோட்டின் பின்புறம் வரவு எழுதிக் கடன் வாங்கியவர் கையெழுத்திட்டால் 3 ஆண்டுக் கெடு புதிதாகத் தொடங்குமா? இது இரண்டாம் வகை. பழைய கெடு முடியுமுன் பணம் கட்டி எழுதியிருந்தால் தொடங்கும் என்கிறது 1963-ம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். ஆனால் "அது என் கையெழுத்தே இல்லை" என்று அவர் மறுத்தால்? மறுபடியும் முதல் வகைக் கேள்விதான்!

சிவில் நடைமுறைச் சட்டத்தின் 100-வது பிரிவு 1976-ல் திருத்தப்பட்டது. முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தால் மட்டுமே ஹைகோர்ட் இரண்டாவது அப்பீலை ஏற்கும். சான்றே இல்லாமல் கீழ்க்கோர்ட் ஒன்றை முடிவு செய்திருந்தால், அது சட்டப் பிரச்சினை. நீங்கள் சான்று வைத்துக்கொள்ளாமல் இருந்தது சட்டப் பிரச்சினை ஆகாது. அது உங்கள் அலட்சியம்!

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? அல்பகரா அத்தியாயத்தின் 282-வது வசனம். கடனை எழுதிக்கொள்வதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. எழுதிக் கேட்பது சந்தேகம் அல்ல, இருவருக்கும் பாதுகாப்பு.

ஆகவே இளைஞர்களே! பணம் கொடுக்கும் நாளிலேயே ரசீது வாங்குங்கள். கடன் தீரும் நாளிலேயே நோட்டைத் திரும்ப வாங்குங்கள். வழக்கு வந்துவிட்டால் எல்லாத் தாள்களையும் முதல் கோர்ட்டிலேயே வையுங்கள். உண்மை உங்கள் பக்கம் இருந்தால் மட்டும் போதாது. அதை நிரூபிக்கும் தாளும் உங்கள் பெட்டியில் இருக்க வேண்டும்.