எண்ணோடு குறிப்பும் வேண்டும்

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், "ஏக்கருக்கு 35 மூட்டை நெல் கண்டேன்" என்று சொன்னால் நீங்கள் உடனே நம்பிவிடுவதில்லை. என்ன ரகம், எந்தப் பட்டம், ஆற்றுப் பாசனமா கிணற்றுப் பாசனமா, மூட்டை என்றால் எத்தனை கிலோ மூட்டை என்று அடுக்கடுக்காகக் கேட்கிறீர்கள். இவற்றுக்குப் பதில் இல்லாவிட்டால் அந்த 35 உங்களுக்குப் பயன்படாது.

பருவநிலை பற்றிய பெரிய அறிக்கைகளையும் இப்படித்தான் கேட்க வேண்டும். பருவநிலை மாற்றத்தை மதிப்பிடுவதற்கென்றே பல நாட்டு அரசுகள் சேர்ந்த குழு ஒன்று 1988-ல் ஐக்கிய நாடுகள் சபையின் அமைப்புகளால் ஏற்படுத்தப்பட்டது. அதன் ஆறாவது மதிப்பீட்டின் முதல் பகுதி 2021 ஆகஸ்டில் வெளிவந்தது. 66 நாடுகளைச் சேர்ந்த 234 அறிஞர்கள் எழுதியது அது. 1850 முதல் 1900 வரையிலான சராசரியைக் காட்டிலும், 2011 முதல் 2020 வரையிலான ஆண்டுகளில் பூமியின் மேற்பரப்பு வெப்பம் 1.09 டிகிரி செல்சியஸ் கூடியிருந்தது என்று அது கூறுகிறது. 1850-ல் கடலின் வெப்பத்தை யார் அளந்தார்கள், எதைக் கொண்டு அளந்தார்கள்?

கப்பல்காரர்கள்தான் அளந்தார்கள். வாளியைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, நீரை மொண்டு மேலே தூக்கி, அதில் வெப்பமானியை வைத்துப் பார்த்தார்கள். வாளிகளில் பல கித்தான் துணியால் ஆனவை. கோடையில் கித்தான் பையில் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டால் குளிர்ந்துவிடும் அல்லவா? அதே போலத்தான் வாளி நீரும் மேலே வருவதற்குள் சற்றுக் குளிர்ந்துவிடும். பிற்காலத்தில், இயந்திரத்தைக் குளிர்விக்க உள்ளே இழுக்கப்படும் கடல்நீரை அளந்தார்கள். இயந்திர அறையின் சூட்டினால் அந்த அளவு சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கக் கப்பல்களின் அளவுகள் மிகுதி. அவர்கள் பெரும்பாலும் இயந்திர அறையில் அளந்தவர்கள். போர் முடிந்ததும் வாளியால் அளந்த பிரிட்டிஷ் கப்பல்களின் பங்கு கூடியது. அதனால் 1945 ஆகஸ்டுக்குப் பிறகு உலக வெப்பம் திடீரென்று ஏறத்தாழ 0.3 டிகிரி சரிந்தது போல் பதிவேடுகள் காட்டின. கடல் குளிரவில்லை, அளந்த முறைதான் மாறியது. இதை விளக்கிய ஆய்வு 2008-ல்தான் வெளிவந்தது. எந்த நாட்டுக் கப்பல் அளந்தது என்ற சிறு குறிப்பு எண்களோடு தங்கியிருந்தபடியால்தான் இந்த முடிச்சு அவிழ்ந்தது.

"பழைய எண்ணைத் திருத்துகிறார்களே, இது நியாயமா?" என்று சிலர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. வாளி அளவுகளைத் திருத்தும்போது பழைய வெப்பம் சற்றுக் கூடுகிறது. ஆகவே அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் குறைகிறதே தவிர, பெருகவில்லை. இப்படி உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், திருத்தாத எண்கள், திருத்திய எண்கள் ஆகிய இரண்டும் பாதுகாக்கப்பட்டிருப்பதே. திருத்தும் கணக்கைக் கணினி செய்கிறது. அந்தக் கணக்கின் நிரலையும், அதன் எந்தப் பதிப்பு பயன்பட்டது என்பதையும் சேர்த்து வைத்தால்தான் வேறொருவர் அதே எண்ணை மறுபடி கண்டு சரிபார்க்க முடியும். ஆறாவது மதிப்பீட்டில் பல படங்களுக்கு அடிப்படையான புள்ளிவிவரங்களும் நிரல்களும் எவரும் எடுத்துப் பார்க்கும்படி சேமிக்கப்பட்டுள்ளன.

மூலத்தைத் தேடிப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. இதே குழுவின் 2007 அறிக்கையில், இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடக்கூடும் என்று ஒரு வரி இடம்பெற்றது. அது முறையான ஆய்விலிருந்து வந்ததல்ல. 2010 ஜனவரியில் குழு வருத்தம் தெரிவித்தது. ஒரு வரியால் நூற்றுக்கணக்கான பக்கங்களின் மேல் சந்தேகம் விழுந்தது.

என் முதுகலை மாணவர்களுக்கு இதைப் பாடமாகச் சொல்வதைவிட வேறு வழி பலன் தருகிறது. ஒருவருடைய கணினிக் கோப்பை மற்றொருவரிடம் கொடுத்து, கட்டுரையில் உள்ள அதே சராசரியை வரவழைக்கச் சொல்வேன். 'இறுதி', 'புதிய இறுதி', 'சரியான இறுதி' என்று மூன்று கோப்புகள் இருக்கும்! எது சரியானது என்பது எழுதியவருக்கே தெரியாது. அன்று மாலைக்குள் அவர்கள் கற்றுக்கொள்வது ஒரு மாத வகுப்புக்குச் சமம்.

உங்களில் பலர் மழைக் கணக்கு எழுதி வருகிறீர்கள். மானாவாரி நிலத்தில் எப்போது விதைப்பது என்ற முடிவுக்கு அதுவே துணை. கணக்குத் தவறினால் விதையும் உழவுக்கூலியும் உங்கள் கையை விட்டுப் போகும். ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில் மழைமானி இருக்கும் இடம், வைத்த தேதி, அதன் வாய்ப் பரப்பு ஆகியவற்றை எழுதுங்கள். 200 சதுர செ.மீ. வாயுள்ள மானியில் 1 மி.மீ. மழை என்பது 20 மில்லி நீர். 100 சதுர செ.மீ. மானியில் 10 மில்லிதான். அளவுக் குடுவை மாறிப்போனால் மழை இரட்டிப்பாகவோ பாதியாகவோ தெரியும். காலை 8.30 மணிக்கு அளப்பது வானிலைத் துறையின் வழக்கம். முந்தைய 24 மணி நேர மழையை அளந்த நாளின் தேதியிலேயே எழுத வேண்டும்.

மழை இல்லாத நாளில் 0 போடுங்கள். அளக்காத நாளில் 0 போடாதீர்கள். 'அளக்கவில்லை' என்றே எழுதுங்கள். இது மிக முக்கியம். கல்யாணத்துக்கு ஊருக்குப் போன இரண்டு நாளும் சேர்ந்து 42 மி.மீ. இருந்தால், 'இரண்டு நாள் மழை' என்று குறியுங்கள். பாதி பாதியாகப் பிரித்து எழுத வேண்டாம். தவறான எண்ணை அழிக்காமல் ஒரு கோடு மட்டும் போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். தாத்தா காலத்து நோட்டு இருந்தால், அதில் உள்ளது அங்குலமும் சென்ட்டுமா, மி.மீட்டரா என்று முதலில் பாருங்கள். ஓர் அங்குலம் 25.4 மி.மீ.

மழைமானிக்கு அருகில் மரம் எவ்வளவு உயரமோ, அதைப் போல் இரண்டு மடங்கு தூரமாவது இடைவெளி வேண்டும். நட்ட தென்னை வளர்ந்து நெருக்கிவிட்டால் மானியைத் தள்ளி வையுங்கள். தள்ளி வைத்த தேதியையும், பழைய இடம், புதிய இடம் இரண்டையும் அன்றைக்கே நோட்டில் எழுதிவிடுங்கள்.